காபோனிக் அன்ஹைட்ரேஸ் 2: ஆய்வுகூடத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்டிப் பக்கம் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இறுதியாண்டுப் பிள்ளைகளின் ஆய்வுக்கு உதவுவது என் வேலை. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை என்று மலையகத்தின் எல்லாப் பக்கமிருந்தும் வருகிறார்கள். தேயிலைக்குள் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் என்பதால், தேயிலைச் சாறு ஏதாவது ஒரு மனித நொதியத்தைத் தடுக்கிறதா என்று பார்க்கத்தான் அவர்களில் பலருக்கு ஆசை. அதற்காக மீள்சேர்க்கை முறையில் செய்த மனித நொதியத்தை வாங்குகிறோம். குப்பி கைக்கு வந்ததும் கேள்விகளும் வந்துவிடும், பெரும்பாலும் போன வருடம் கேட்ட அதே கேள்விகள்.

அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணமாக எடுத்திருப்பது காபோனிக் அன்ஹைட்ரேஸ் 2. வேறு நொதியம் வைத்திருப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

மிஸ், "மனித நொதியம்"னு போட்டிருக்கு. மனுஷ ரத்தத்துல இருந்தா எடுக்கிறாங்க?

இல்லை. மனிதரிடமிருந்து வந்தது அந்தப் புரதத்தை எப்படிக் கட்டுவது என்ற தகவல் மட்டும்தான். அந்தப் பரம்பரையலகின் டி.என்.ஏ. வரிசையைப் பிளாஸ்மிட் என்ற சிறு வட்ட டி.என்.ஏ.வில் சேர்த்து, ஈ.கோலை பற்றீரியாவுக்குள் செலுத்துகிறார்கள். பற்றீரியா பெருகும்போது மனிதப் புரதத்தையும் சேர்த்தே உற்பத்தி செய்கிறது. அப்புறம் கலங்களை உடைத்து, அந்தப் புரதத்தை மட்டும் பிரித்துச் சுத்தப்படுத்திக் குப்பியில் அடைக்கிறார்கள்.

வீட்டில் பாட்டி நீரிழிவுக்குப் போடும் இன்சுலினும் இந்த வழியில் வந்ததுதான். மனித இன்சுலினை ஈ.கோலையில் முதன்முதலாக 1978இல் செய்தார்கள், 1982இல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது. ஆனால் இன்சுலின் மருந்துத் தரத்தில் தயாரிக்கப்படுவது. நம் குப்பி அப்படி அல்ல. "ஆய்வுக்கு மட்டும்" என்று அதன்மேல் எழுதியிருப்பதை எழுத்துப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். மனிதருக்கோ மிருகத்துக்கோ கொடுக்கும் தரத்தில் அதை யாரும் சோதிக்கவில்லை.

இந்த நொதியம் உடம்புல என்னதான் செய்யுது?

காபனீரொட்சைட்டையும் நீரையும் சேர்த்து இருகாபனேற்று அயனாகவும் ஐதரசன் அயனாகவும் மாற்றும். தேவையான இடத்தில் திருப்பியும் மாற்றும். தசையில் உருவாகும் காபனீரொட்சைட்டைச் செங்குருதிக் கலம் ஏற்றிக்கொண்டு போய் நுரையீரலில் இறக்குவது இதனால்தான் அவ்வளவு வேகமாக நடக்கிறது. சிறுநீரகம், கண், எலும்பு என்று வேறு இடங்களிலும் இதற்கு வேலை உண்டு. பிறவியிலேயே இந்த நொதியம் இல்லாதவர்களுக்கு எலும்பு அளவுக்கு மீறி அடர்த்தியாகும், சிறுநீரகம் அமிலத்தை ஒழுங்காக வெளியேற்றாது.

1933இல் கேம்பிரிட்ஜில் மெல்ட்ரமும் ரஃப்டனும் இதைக் கண்டுபிடித்தார்கள். 1940இல் கெய்லினும் மானும் இதற்குள் நாகம் (துத்தநாகம் என்ற உலோகம்) இருப்பதைக் காட்டினார்கள். மூன்று ஹிஸ்டிடின்கள் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த ஒரேயொரு நாக அயன்தான் வேலையின் மையம். ஒரு மூலக்கூறு ஒரு செக்கனில் ஏறத்தாழ பத்து இலட்சம் காபனீரொட்சைட்டு மூலக்கூறுகளை மாற்றக்கூடியது. மிக வேகமான நொதியங்களின் வரிசையில் இது முன்னால் நிற்கிறது.

பற்றீரியாவுல செஞ்சா அசல் மாதிரியே இருக்குமா?

எந்தப் புரதம் என்பதைப் பொறுத்தது. காபோனிக் அன்ஹைட்ரேஸ் 2 இதில் அதிர்ஷ்டசாலி. 260 அமினோ அமிலங்கள், ஏறத்தாழ 29 கிலோடால்டன். அதன்மேல் சீனிச் சங்கிலிகள் ஒட்டியிருப்பதில்லை, டைசல்பைட்டுப் பிணைப்பும் கிடையாது. அதனால் ஈ.கோலை இதைச் சரியாகவே மடித்துக் கொடுக்கும். வளர்ப்பு ஊடகத்தில் நாக உப்பைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்வார்கள்.

இதே குடும்பத்தில் மனிதருக்கு 15 வடிவங்கள் உண்டு, அவற்றில் 12 வேலை செய்பவை. ஒன்பதாவது வடிவம் கல மென்சவ்வில் இருப்பது, சீனிச் சங்கிலியும் உள்ளது. அதன் இயற்கையான வடிவம் வேண்டுமென்றால் மனிதக் கல வளர்ப்பில் செய்ததைத் தேட வேண்டும். ஆகவே வாங்கும் முன் "எதில் வெளிப்படுத்தியது" என்ற வரியைப் பாருங்கள். ஆறு ஹிஸ்டிடின்கள் கொண்ட வால் ஒன்று சேர்த்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். சுத்தப்படுத்த வசதியாகச் சேர்ப்பது அது.

குப்பிக்குள்ள ஒண்ணுமே தெரியல. காலியா அனுப்பிட்டாங்களா?

50 மைக்ரோகிராம் உலர்தூள் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது சாதாரணம். சுவரில் மெல்லிய படலமாகவோ மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும். கட்டுநாயக்காவிலிருந்து கடுகண்ணாவை வளைவுகள் ஏறி வந்த குப்பி என்றால் மூடியில் இருக்கும் வாய்ப்புத்தான் கூட.

எனவே திறப்பதற்கு முன் அரை நிமிடமாவது சென்ட்ரிபியூஜில் சுற்றுங்கள். அப்புறம் குப்பியோடு வரும் தாளில் சொன்ன தாங்கற் கரைசலை (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) சொன்ன அளவில் விட்டு, சில நிமிடம் அப்படியே வைத்து, பிப்பெட்டால் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். நுரை வரும்படி குலுக்க வேண்டாம். நுரையின் மேற்பரப்பில் புரதம் விரிந்து பழுதாகும்.

50 மைக்ரோகிராம் எத்தனை நாளைக்குப் போதும்?

நாளில் கணக்குப் பார்க்காமல் சோதனைத் தட்டின் குழியில் பாருங்கள். 29 கிலோடால்டன் என்றால் 50 மைக்ரோகிராமில் இருப்பது ஏறத்தாழ 1.7 நானோமோல். ஒரு குழியில் 200 மைக்ரோலீற்றர், நொதியத்தின் செறிவு 100 நானோமோலார் என்று வைத்தால், குழிக்கு 20 பிக்கோமோல், அதாவது 0.58 மைக்ரோகிராம் போகும். மொத்தம் 86 குழிகள். ஒரு 96 குழித் தட்டுக்கூட நிறையாது.

ஒவ்வொன்றையும் மும்முறை செய்தால் 28 நிலைகள்தான் மிஞ்சும், ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கட்டுப்பாட்டுக் குழிகளும் அதற்குள் அடங்க வேண்டும். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போடாமல் குப்பியைத் திறக்கவே கூடாது என்பது என் கருத்து. டொலர் விலையில் வருவது அது, ஒரு பிள்ளையின் முழு ஆய்வுப் பணமும் சில சமயம் அதற்குள்தான் இருக்கும்.

மாட்டு ரத்தத்துல எடுத்தது மலிவா கிடைக்குதே, அதைப் பாவிச்சா என்ன?

பழகுவதற்குத் தாராளமாகப் பாவியுங்கள். பிப்பெட் பிடிப்பது, நேரம் வைப்பது, வரைபு போடுவது எல்லாம் மாட்டு நொதியத்தில் கை பழகிய பிறகு மனித நொதியத்தைத் தொட்டால் போன கேள்வியின் 86 குழிகளும் வீணாகாது. ஆனால் ஆய்வறிக்கைத் தலைப்பில் "மனித" என்று இருந்தால் இறுதி அளவீடுகள் மனித நொதியத்தில்தான் எடுக்கப்பட வேண்டும். இரண்டின் வரிசையும் மிக நெருக்கமானதுதான், ஆனாலும் ஒரு நிரோதி, அதாவது நொதியத்தைத் தடுக்கும் பொருள், இரண்டிலும் ஒரே அளவு பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

ராத்திரி கரண்டு போயிருச்சு. நொதியம் பழுதாகியிருக்குமா?

பதறாதீர்கள், டீப் ஃப்ரீசரைத் திறக்கவும் வேண்டாம். திறக்காத மைனஸ் 80 பெட்டி பல மணிநேரம் குளிரைப் பிடித்து வைக்கும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணிநேர மின்வெட்டு நடந்த நாளெல்லாம் நினைவிருக்கும். அதற்குப் பிறகு பெட்டியின் காலி இடங்களில் உறைந்த நீர்ப் போத்தல்களை அடுக்கி வைக்கும் வழக்கம் நல்ல வழக்கமாகவே நிற்கிறது.

காபோனிக் அன்ஹைட்ரேஸ் 2 திடமான புரதம், ஒருமுறை உருகியதால் மட்டும் செத்துவிடாது. திரும்பத் திரும்ப உறைந்து உருகுவதுதான் ஆபத்து. கரைத்த அன்றே சிறு குழாய்களில் ஒரு நாள் வேலைக்குரிய அளவாகப் பிரித்து, கொஞ்சம் கிளிசரோல் சேர்த்து உறைய வையுங்கள். உருகிய குழாயைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம். பூஞ்சணம் வராமல் இருக்கட்டும் என்று சோடியம் அசைட்டு சேர்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. இந்த நொதியத்துக்கு அசைட்டே ஒரு நிரோதி, ஆகவே வேண்டவே வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் ஒரு குழாயை எடுத்து முதல் நாள் பெற்ற வேகத்தோடு ஒப்பிடுங்கள். அதற்காகத்தான் முதல் நாளே ஒரு வேகத்தை அளந்து கொப்பியில் எழுதி வைக்கச் சொல்கிறேன்.

"அறை வெப்பநிலையில் செய்யவும்"னு இருக்கு. நம்ம அறையா, அவங்க அறையா?

அருமையான கேள்வி, மலையகத்துப் பிள்ளைக்குத்தான் இது தோன்றும். தாளை எழுதியவர் நினைத்தது பெரும்பாலும் 25 பாகை. நுவரெலியாவில் ஜனவரி விடியற்காலை 10 பாகைக்குக் கீழே போகும், கண்டியில் மத்தியானம் 28ஐத் தாண்டும். பல நொதியங்களின் வேகம் 10 பாகைக்கு ஏறத்தாழ இரட்டிப்பாகும். காலையில் கட்டுப்பாட்டையும் மத்தியானம் தேயிலைச் சாற்றையும் அளந்தால் நீங்கள் அளந்தது தேயிலையை அல்ல, வெயிலைத்தான். தட்டின் நிறத்தை அளக்கும் வாசிப்பானின் வெப்பநிலையை 25இல் நிறுத்தி, தாங்கற் கரைசலையும் அதே வெப்பத்துக்குக் கொண்டுவந்து தொடங்குங்கள். கருவியில் அந்த வசதி இல்லையென்றால் கட்டுப்பாட்டையும் மாதிரியையும் ஒரே தட்டில், ஒரே நேரத்தில் ஓட்டுங்கள்.

உயரத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே நீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதிக்கும். கொதிக்க வைத்துக் கொன்ற நொதியத்தைக் கட்டுப்பாடாக வைப்பதற்கு அதுவே போதும், இந்தப் புரதம் 60 பாகையளவிலேயே குலைந்துவிடும். ஆனால் ஜெல்லுக்கான மாதிரியை 95 பாகைச் சூட்டுத் தட்டில் வைத்தால் அங்கே அது கொதித்து மூடியைத் தள்ளும். மூடிக்குப் பூட்டுப் போடுங்கள், அல்லது 90இல் கொஞ்சம் கூட நேரம் வையுங்கள்.

நொதியமே போடாத குழியும் மஞ்சளாகுதே, ஏன்?

நாம் காபனீரொட்சைட்டை நேரடியாக அளப்பதில்லை, அதற்கு மில்லிசெக்கன் கணக்கில் கலந்து அளக்கும் கருவி வேண்டும். பதிலாக, பாரா நைட்ரோபீனைல் அசெட்டேற்று என்ற கீழ்ப்படையை, அதாவது நொதியம் வேலை செய்யும் பொருளை, கொடுக்கிறோம். நொதியம் அதை மெதுவாக உடைக்கும் (இதுதான் எஸ்டரேஸ் தொழிற்பாடு), மஞ்சள் நிறமான நைட்ரோபீனேற்று வெளிவரும், 400 நானோமீற்றரை ஒட்டி அதன் உறிஞ்சலை அளக்கிறோம். சிக்கல் என்னவென்றால் இந்தக் கீழ்ப்படை நீரில் தானாகவும் உடையும். பி.எச். கூடினால் இன்னும் வேகமாக உடையும். அதனால் நொதியம் இல்லாத குழி ஒவ்வொரு தட்டிலும் கட்டாயம், அதன் வேகத்தைக் கழித்த பிறகுதான் மிச்சம் நொதியத்துக்குச் சொந்தம். கீழ்ப்படையை அன்றன்றைக்குப் புதிதாகக் கரையுங்கள்.

நொதியத்தைத் தாங்களே செய்து, ஹிஸ்டிடின் வாலைப் பிடிக்கும் நிக்கல் நிரலில் சுத்தப்படுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நிரலிலிருந்து இறக்கப் பாவிக்கும் இமிடசோல் இந்தக் கீழ்ப்படையைத் தானே உடைக்கும். அதை டயலிசிஸ் செய்து நீக்காவிட்டால் செத்த நொதியம்கூட உயிரோடு இருப்பதுபோல் காட்டும்.

தாள்ல "கரியர் புரதம் சேர்த்தது"ன்னு இருக்கு. அது நல்லதுதானே?

குறைந்த செறிவில் புரதம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக் காணாமல் போகாதிருக்க மாட்டு அல்புமின் சேர்ப்பார்கள். வேறு பல சோதனைகளுக்கு அது நல்லதே. இங்கே மட்டும் பிரச்சினை, ஏனென்றால் அல்புமினும் நைட்ரோபீனைல் அசெட்டேற்றோடு வினை புரிந்து மஞ்சளைக் கொடுக்கும். இந்தச் சோதனைக்குக் கரியர் சேர்க்காததையே கேட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? இந்த நொதியத்தைத் தடுக்கும் அசெட்டசோலமைட் என்ற மருந்தைத் தாராளமாக, 10 மைக்ரோமோலார் அளவில் போட்டு ஒரு குழி வையுங்கள். அது காபோனிக் அன்ஹைட்ரேஸை முழுக்க நிறுத்திவிடும். அப்போதும் மிஞ்சும் மஞ்சள் வேறு யாருடையதோ. அதைக் கழியுங்கள்.

நம்ம தோட்டத்துத் தேயிலைச் சாறு 90 வீதம் தடுக்குது, மிஸ்! இனி எழுதலாமா?

சந்தோஷம் புரிகிறது. ஆனால் இந்த இடத்தில்தான் நான் பிள்ளைகளைக் கையைப் பிடித்து நிறுத்துவேன். தேயிலைப் பொலிபீனோல்கள் ஏறக்குறைய எந்தப் புரதத்தோடும் ஒட்டும். சாயம் குடிக்கும்போது நாக்கு துவர்ப்பதே உமிழ்நீர்ப் புரதங்களோடு அவை ஒட்டுவதால்தான். ஆகவே அவை ஒரு நொதியத்தைத் தடுத்தது செய்தியே அல்ல. இந்த நொதியத்தை, அதன் உயிர்ப்பு மையத்தில் பிடித்துத் தடுத்தது என்றால் அதுதான் செய்தி.

முதலில் நிறத்தைப் பாருங்கள். கறுப்புத் தேயிலைச் சாறே 400 நானோமீற்றரில் பலமாக உறிஞ்சும். சாறு மட்டும் உள்ள குழி, சாறும் கீழ்ப்படையும் உள்ள குழி, சாறும் தெரிந்த அளவு நைட்ரோபீனோலும் உள்ள குழி என்று மூன்றையும் வையுங்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சாறு மஞ்சளை மறைக்கிறதா என்பதைச் சொல்லும் குழி அதுதான். இறுதி உறிஞ்சலை மட்டும் எடுக்காமல் நேரத்தோடு ஏறும் சரிவை எடுங்கள்.

அடுத்தது பி.எச். செறிவான சாறு அமிலத்தன்மை கொண்டது. நைட்ரோபீனோல் பி.எச். 7.1ஐ ஒட்டிப் பாதிதான் மஞ்சளாக இருக்கும், அதற்குக் கீழே போனால் நிறம் மங்கும். நொதியம் வேலை செய்துகொண்டிருந்தாலும் "தடுத்தது" என்று தெரியும். 348 நானோமீற்றரில் அளந்தால் இந்தப் பிரச்சினை தீரும் என்று புத்தகம் சொல்லும், சுத்தமான சேர்வைக்கு அது உண்மை. தேயிலை அங்கே இன்னும் பலமாக உறிஞ்சுவதால் நமக்கு உதவாது. தாங்கற் கரைசலின் செறிவைக் கூட்டி, சாறு கலந்த பிறகு பி.எச்.ஐ அளந்து எழுதுவதே வழி.

அப்புறம் ஒட்டல். 0.01 வீதம் டிரைட்டன் எக்ஸ் 100 என்ற சவர்க்காரப் பொருளைச் சேர்த்துத் திரும்பச் செய்யுங்கள். 90 வீதத் தடை 20க்கு விழுந்தால் அது திரளாகச் சேர்ந்து ஒட்டியதால் வந்த தடை. நொதியத்தைப் பல மடங்கு கூட்டிப் பார்ப்பதும் அதையே காட்டும். பொலிபீனோலைப் பிடித்து அகற்றும் பொலிவைனைல்பொலிபைரோலிடோன் தூளோடு சாற்றைக் கலக்கி, வடித்து, திரும்ப அளந்து பாருங்கள். தடை முழுக்கப் போய்விட்டால் காரணம் பொலிபீனோல் என்று தெரியும். இவ்வளவும் தாங்கி நின்ற தடையை நான் நம்புவேன், மகிழ்ச்சியோடு நம்புவேன்.

அசெட்டசோலமைட்டுக்குத் தடை மாறிலி 12 நானோமோலார்னு கட்டுரையில இருக்கு. எனக்குப் பாதித்தடைச் செறிவு 60 வருது. நொதியம் கெட்டுப்போச்சா?

கெடவில்லை. தடை மாறிலி என்பது நிரோதி நொதியத்தை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதைச் சொல்லும் எண், பாதித்தடைச் செறிவு என்பது வேகத்தைப் பாதியாக்கும் நிரோதியின் செறிவு. உங்கள் குழியில் நொதியமே 100 நானோமோலார் இருக்கிறது. ஒரு நொதிய மூலக்கூறை நிறுத்த ஒரு நிரோதி மூலக்கூறாவது வேண்டும். பாதி நொதியத்தை நிறுத்தவே 50 நானோமோலார் செலவாகிறது. அதற்குக் கீழே பாதித்தடைச் செறிவு போகவே முடியாது. அந்த 50ஐயும் கட்டுரை சொல்லும் தடை மாறிலி 12ஐயும் கூட்டினால் 62. உங்கள் 60 மிக நல்ல எண்.

கட்டுரைக்காரர்கள் காபனீரொட்சைட்டையே கீழ்ப்படையாக வைத்து, மிகக் குறைந்த நொதியத்தோடு அளந்திருப்பார்கள். நம் மஞ்சள் சோதனையில் நொதியம் மெதுவாக வேலை செய்வதால் அதைக் கூடுதலாகப் போட வேண்டியிருக்கிறது. இதை ஒரு பலமாகவும் மாற்றலாம். அசெட்டசோலமைட்டைச் சிறிது சிறிதாகக் கூட்டி, வேகம் எங்கே அடங்குகிறது என்று பார்த்தால் குப்பியில் உண்மையில் உயிரோடு இருக்கும் நொதியம் எவ்வளவு என்று தெரியும். தாளில் 100 என்று இருந்து, 70இலேயே வேகம் அடங்கினால், மீதி 30 மடிப்புக் குலைந்த புரதம். இறுதியாண்டில் ஒருவர் இதைச் செய்து காட்டினால் எனக்கு மிகப் பெருமை.

அசெட்டசோலமைட் கண் பிரஷருக்குக் கொடுக்கிற மருந்துதானே? அப்போ தேயிலையும் கண்ணுக்கு மருந்துன்னு முடிவுரையில போடலாமா?

போட வேண்டாம். அசெட்டசோலமைட் கண் அழுத்தத்துக்குக் கொடுக்கப்படுவது உண்மை, அது இந்த நொதியக் குடும்பத்தைத் தடுப்பதும் உண்மை. ஆனால் குழியில் தடுத்த சாறு குடலில் உறிஞ்சப்பட்டு, ஈரலைத் தாண்டி, கண் வரைக்கும் அந்தச் செறிவில் போகும் என்று உங்கள் தட்டு சொல்லவில்லை. அப்படி ஒரு வரி முகநூலில் ஏறினால் லயத்தில் யாரோ ஒரு தாத்தா சொட்டுமருந்தை நிறுத்திவிட்டுச் சாயம் குடிப்பார். கண் அழுத்தத்தால் போன பார்வை திரும்பி வராது.

என்ன எழுதலாம் என்றும் கேட்பார்கள். இப்படி எழுதலாம்: "ஈ.கோலையில் வெளிப்படுத்தப்பட்ட, கரியர் புரதம் சேர்க்காத மனித காபோனிக் அன்ஹைட்ரேஸ் 2இன் எஸ்டரேஸ் தொழிற்பாட்டை, 25 பாகையில், பி.எச். 7.4இல், 0.01 வீதம் டிரைட்டன் எக்ஸ் 100 முன்னிலையிலும் இச்சாறு தடுத்தது." அடுத்த வரியில் செறிவு, எத்தனை முறை செய்தது, எந்தக் கட்டுப்பாடுகள் வைத்தது. குப்பியின் தொகுதி இலக்கத்தையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.